வரிக்கல்லை மினுக்க: உருளையா, அதிர்வா, கையா?

வளைகுடாவில் வேலை செய்த சித்தப்பா கொண்டுவந்த பச்சைப் பூச்சாடி உடைந்த அன்று அம்மாவுக்குக் கவலை. எனக்கு உள்ளுக்குள் சந்தோசம். உடைந்த இடத்தில் பால் வெள்ளை, தேன் நிறம், பாசிப் பச்சை என்று கல் வரி வரியாகத் தெரிந்தது. கடைக்காரர்கள் இதை ஓனிக்ஸ் என்பார்கள். உண்மையான ஓனிக்ஸ் குவாட்ஸ் இனம், மோஸ் அளவில் (கனிமத்தின் கடினத்தை 1 முதல் 10 வரை காட்டும் அளவு) கடினம் 7. பாகிஸ்தானில் கடைந்து விற்கப்படும் இந்தச் சாடிக்கல் பெரும்பாலும் கல்சைற்று, கடினம் 3. எங்கள் வளவில் கிணறு வெட்டியபோது வெளியே வந்த சுண்ணக்கல்லும் இதே கனிமம்தான். பேனாக்கத்தி கீறும், தேசிக்காய்ப் புளி ஒரு துளி விட்டால் நுண்குமிழி எழும்.

இந்தத் துண்டுகளை மூன்று விதமாக மினுக்கிப் பார்த்தேன்.

முதலில் உருளை இயந்திரம்: கல், தேய்க்கும் பொடி, தண்ணீர் எல்லாவற்றையும் உள்ளே போட்டு நாட்கணக்கில் சுற்றும் பீப்பா. மச்சான் ரொரன்ரோவில் இருந்து கொண்டுவந்த மூன்று இறாத்தல் றப்பர் பீப்பா. 120 வோல்ற்றுக்குச் செய்தது, ஆகவே இடையில் ஒரு மின்மாற்றி. மாற்றி வோல்ற்றைக் குறைக்கும், அலைவெண்ணைத் தொடாது. அங்கே 60 ஹேர்ட்ஸ், இங்கே 50. அதனால் பீப்பா ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றுகிறது. மென்கல்லுக்கு அந்த மந்தம் நல்லதுதான். சத்தம்தான் நல்லதல்ல. "தம்பி, அதை நிற்பாட்டு. இரவு முழுக்க யாரோ மா இடிப்பது போல இருக்கிறது" என்று அம்மா இரண்டாம் நாளே சொல்லிவிட்டார். இப்போது அது மாட்டுக்கொட்டிலில் ஓடுகிறது.

கூட வந்த கையேடு அகேற்று என்ற கடினக் கல்லை மனதில் வைத்து எழுதியது: 60/90 சிலிக்கன் காபைட்டு என்ற தேய்ப்புப் பொடியில் (எண் கூடக்கூடப் பொடி நுண்மை) ஒரு கிழமை. அப்படியே செய்தேன். இடம் நிரப்ப வன்னியில் பொறுக்கிய வெண்கூழாங்கற்கள் சிலவற்றையும் போட்டேன். எட்டாம் நாள் மூடியைத் திறந்தால், உள்ளே மதிலுக்கு அடிக்கக் கரைத்த சுண்ணாம்பு போல ஒரு பால். கையை விட்டுத் துழாவினால் கல் பாதிதான் மிச்சம். எஞ்சியதும் கூழாங்கல் மோதிய இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாக நசுங்கியிருந்தது. கல்சைற்று மூன்று திசைகளில் இலகுவாகப் பிளக்கும் கனிமம்; ஒவ்வொரு மோதலும் உள்ளே ஒரு சிறு வெடிப்பு.

இப்போது 60/90 பக்கம் போவதே இல்லை. 220 இல் தொடங்கி, பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்கிறேன். கடினக் கல் ஒன்றும் கூடச் சேராது. பீப்பாவின் முக்கால் பங்கு நிரம்ப வேண்டும். அதில் ஒரு பங்கு பிளாஸ்ரிக் மணிகள், மெத்தை போல. பிறகு 500, கடைசியில் மினுக்கும் நுண்பொடியான அலுமினியம் ஒட்சைட்டு. பளபளப்பு வருகிறது, சண்டையில்லை. என் குறை வேறு. இந்தக் கல்லில் எல்லா வரியும் ஒரே உறுதி இல்லை. சில வரிகள் நெருக்கமானவை, சில நுண்துளை நிறைந்தவை. இடையில் அரகனைற்று என்ற வேறொரு கனிமத்தின் வரி இருந்தால் அது கல்சைற்றைவிடச் சற்றுக் கடினம். பீப்பாவுக்குள் மெத்தென்ற வரி முதலில் தேய்ந்து பள்ளமாகிறது, பக்கத்து வரி வரம்பு போல எழுந்து நிற்கிறது. விரலால் தடவினால் தெரியும், உழுத வயலைப் போல. அழகான வரி எந்தப் பக்கம் இருக்கிறது என்றும் பீப்பாவுக்குத் தெரியாது. மூலையில் இருந்தால் மூலையோடு போய்விடும்.

அதிர்வு இயந்திரத்தை நான் வாங்கவில்லை. யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் நகைப் பட்டறை வைத்திருக்கும் நண்பரிடம் இரண்டு முறை இரவல் கேட்டேன். கிண்ணம் நடுங்கும், கற்கள் உருளாமல் ஒன்றையொன்று உரசும். அடி குறைவு, தேய்வு குறைவு, கல்லின் வடிவம் அப்படியே நிற்கும். பீப்பாவில் இரண்டு கிழமை எடுத்ததை நாலைந்து நாளில் முடித்தது. மென்கல்லுக்கு இயந்திரம் வேண்டுமென்றால் இதுதான் என்பேன். ஆனால் கிண்ணத்துக்குள் விடுவது கொஞ்சத் தண்ணீர். சித்திரை வெயிலில் அது காய்ந்து, பொடி பசைபோல இறுகிவிடும். இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். உருளையை மூடிவிட்டு ஒரு கலியாண வீட்டுக்குப் போய்வரலாம், இதை விட்டுவிட்டுச் சந்தைக்கும் போக முடியாது.

மூன்றாவது கை. வாகனத்துக்குப் பெயின்ற் அடிப்பவர்கள் நனைத்துத் தேய்க்கும் கறுப்பு அரத்தாள், 220 முதல் 2000 வரை. தாளை ஒரு கண்ணாடித் துண்டின்மேல் விரித்து, தண்ணீர் தெளித்து, கல்லை எட்டு எழுதுவது போல ஓட்டுவேன். அடித்தளம் தட்டையாக இருப்பதால் மெத்தென்ற வரி தனியாகப் பள்ளமாவதில்லை. எந்த முகம் வெளியே தெரிய வேண்டும் என்பதை நானே தீர்மானிக்கிறேன். 600 வரை கல் சாம்பல் பிடித்துக் கிடக்கும், மனம் விட்டுவிடும். 1000 தாண்டியதும் தேன் நிற வரிக்குள் வெளிச்சம் இறங்கத் தொடங்குகிறது. கடைசியில் பழைய ஜீன்ஸ் துணியில் அலுமினியம் ஒட்சைட்டு. ஒரு துண்டுக்கு ஐந்து மாலைகள், ஆகவே இருபது துண்டுக்கு இது சரிவராது. நகக்கண் அளவுத் துண்டெல்லாம் பீப்பாவுக்கு. வரி நேராக ஓடும் உள்ளங்கை அளவுத் துண்டு விறாந்தைக்கு, என் மடிக்கு.

எந்த வழியில் மினுக்கினாலும் கழுவியவுடன் துடைத்துவிடுங்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கேத்தலில் விடும் அதே வெள்ளைப் படலத்தைக் கல்லிலும் விடும்.

சாடியின் அடித்துண்டைக் கையால் முடித்துச் சாமி அறையில் வைத்திருந்தேன். போன வெள்ளிக்கிழமை அம்மா குத்துவிளக்குக்குப் புளி போட்டுத் தேய்த்தபோது, பக்கத்தில் இருந்த கல்லும் மினுங்கட்டும் என்று ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டார். விளக்கு பொன்னாய் மின்னியது. கல் 600 ஆம் அரத்தாளுக்குத் திரும்பிப் போயிருந்தது.