பரங்கிமலை கன்னரைத் தேடி: எச்சில் சோதனையா, தேவாலய ஏடா?

அம்மா வழி முன்னோர் ஒருவர் கிழக்கிந்தியக் கம்பெனிப் பட்டாளத்தில் கன்னராக, அதாவது பீரங்கிக்காரராக, இருந்தார் என்று பாட்டி சொல்வார். அவர் எந்த ஊர்க்காரர், யார் பிள்ளை? இதைக் கண்டுபிடிக்க டி.என்.ஏ. சோதனை, தேவாலயப் பதிவு என இரண்டு வழியிலும் இறங்கிப் பார்த்தேன்.

டி.என்.ஏ. சோதனை சுலபம். குழாயில் எச்சிலைத் துப்பி அனுப்பிவிட்டுக் காத்திருந்தால் போதும். ஆனால் அவர் எனக்கு ஐந்து தலைமுறை மேலே. அத்தனை தூரத்து முன்னோர் ஒருவரிடமிருந்து நமக்கு வருவது சராசரியாக 32-ல் ஒரு பங்கு, அதாவது சுமார் 3 சதவீதம். என் அறிக்கை 'அயர்லாந்து' என்றதோடு நின்றுவிட்டது. டி.என்.ஏ. ஒத்துப்போவதாகப் பட்டியலில் வந்த தூரத்துச் சொந்தங்களுக்கு எழுதினேன், யாரும் பதில் போடவில்லை. நான் செய்தது ஒரே ஒரு நிறுவனத்தின் சோதனைதான். மற்றவர்களுக்கு நன்றாக அமைந்திருக்கலாம்.

என் ஓட்டு தேவாலயப் பதிவுகளுக்குத்தான். மதராஸ் மாகாணத்தில் நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் தேவாலயப் பதிவுகளுக்கு நகல் எழுதி லண்டனுக்கு அனுப்பினார்கள். 1698 முதலான அந்த நகல்கள் பிரிட்டிஷ் நூலகத்தில் என்/2 வரிசையில் இருக்கின்றன. பிரிட்டிஷ் இந்தியாவில் வாழ்ந்த குடும்பங்களுக்கான சங்கமான ஃபிபிஸின் தளத்தில் பெயரை இலவசமாகத் தேடலாம். ஏட்டின் படம் வேண்டுமென்றால் ஃபைண்ட்மைபாஸ்ட் என்ற வம்சாவளித் தளத்துக்குச் சந்தா கட்ட வேண்டும். குடும்பப் பெயரை நகலெடுத்தவர் ஓர் எழுத்து மாற்றி எழுதியிருந்ததால் முதல் தேடலில் எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. அதனால் எழுத்தை மாற்றி மாற்றித் தேடுங்கள்.

கடைசியில் 1838-ஆம் ஆண்டுப் பக்கம் ஒன்று கிடைத்தது. குழந்தையின் பெயர், பிறந்த தேதி, இடம் பரங்கிமலை. தகப்பன் பெயருக்குப் பக்கத்தில் சாய்வெழுத்தில் 'கன்னர், பீரங்கிப் படை'. எனக்குக் கதவைத் திறந்தது இந்த உத்தியோகக் குறிப்புதான். படைப்பிரிவு தெரிந்துவிட்டால் அதே நூலகத்தில் எல்/மில்/11 வரிசையில் உள்ள மதராஸ் படையின் ஆள்கணக்கைப் புரட்டலாம். அவர் வந்த கப்பல், வந்த வருடம், சொந்த மாவட்டம் அயர்லாந்தின் கார்க், எல்லாம் அங்கே ஒரே வரியில் இருந்தன. எத்தனை முறை எச்சில் கொடுத்தாலும் அந்த வரி கிடைக்காது.

ஏட்டிலும் ஒரு பெரிய ஓட்டை உண்டு. தாயின் பெயர் வெறும் 'மேரி'. குடும்பப் பெயரும் இல்லை, ஊரும் இல்லை. உள்ளூர்ப் பெண்ணாக இருக்கலாம் என்பது என் ஊகம். அவருடைய வேரைத் தேட டி.என்.ஏ. ஒருநாள் உதவலாம், இதுவரை உதவவில்லை. அவர்களின் திருமணப் பதிவில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட இரண்டு பேர் யார் என்று இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.