46,800 ரூபாய்க்கு வாங்கிய செயலற்ற புரதம்: ஆய்வகத்தில் இருப்போருக்கு ஓர் எச்சரிக்கை

இன்று காலை வந்த மின்னஞ்சலைப் படித்த ஆத்திரம் அடங்குவதற்குள் இதை எழுதுகிறேன். வெளிநாட்டுத் தயாரிப்பாளர்களிடமிருந்து புரதங்களையும் வேதிப்பொருள்களையும் தருவித்து இணையத்தில் விற்கும் ஓர் இடைத்தரகு நிறுவனத்திடம் எங்கள் ஆய்வுத் திட்டத்தின் பணம் 46,800 ரூபாயைத் தொலைத்துவிட்டோம். பெயரை வெளியிட வேண்டாம் என்று எங்கள் கொள்முதல் பிரிவு சொல்லியிருப்பதால் வெளியிடவில்லை. நடந்ததைச் சொல்லிவிட்டு, நீங்கள் செய்ய வேண்டியவற்றை இறுதியில் விரிவாக எழுதுகிறேன்.

வாங்கியது சுண்டெலியின் பி.ஏ.ஐ.-1 என்ற பிளாஸ்மா புரதம், ஈ. கோலை பாக்டீரியாவுக்குள் அதன் மரபணுவைச் செலுத்தி, அதாவது மறுசேர்க்கை முறையில், தயாரிக்கப்பட்டது, 100 மைக்ரோகிராம், உறைந்த திரவம். இரத்தக் கட்டியைக் கரைக்கும் வேலையைத் தொடங்கிவைக்கும் டி.பி.ஏ., யூரோகைனேஸ் ஆகிய நொதிகளைத் தடுத்து நிறுத்துவது இந்தப் புரதம்தான். ஆனால் இதற்கு ஒரு பலவீனம் உண்டு. தன் உடலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வளையத்தால்தான் இது நொதியைப் பிடிக்கிறது. அந்த வளையம் தானாகவே உள்ளே மடிந்துகொண்டால் புரதம் செயலிழந்துவிடும். எலி வராமலேயே எலிப்பொறி மூடிக்கொள்வதைப் போன்றது இது. 37 டிகிரி வெப்பத்தில் ஓரிரு மணி நேரத்திலேயே பாதி போய்விடும் என்பதால்தான் இதை மைனஸ் 80 டிகிரியில் வைத்திருக்கிறோம், உலர்பனியில் அனுப்பச் சொல்கிறோம்.

இவை அனைத்தும் தெரிந்த நான்தான் ஏமாந்தேன். மார்ச் 31-க்குள் திட்டப் பணத்தைச் செலவிட்டுக் கணக்கு ஒப்படைக்க வேண்டிய அவசரம் எங்களுக்கு இருந்தது. முழுப் பணமும் முன்கூட்டியே வந்தால்தான் பெட்டி புறப்படும் என்ற நிபந்தனை அவர்களுக்கு இருந்தது. நான் தயங்கியபோது அவர்களுடைய விற்பனைப் பிரதிநிதி தொலைபேசியில் அழைத்து, "மேடம், நானும் ஐந்து வருடம் பிப்பெட் பிடித்தவன்தான். உலர்பனி போட்டு, படம் எடுத்து, உங்களுக்கு அனுப்பிவிட்டுத்தான் பெட்டியை ஒட்டுவேன்" என்றார். சொன்னபடியே புகை எழும்பும் உலர்பனிக்கு நடுவே ஒரு குப்பி இருக்கும் படமும் வந்தது. அந்தப் படத்தை நம்பித்தான் என் வழிகாட்டியிடம் கையெழுத்து வாங்கி 46,800 ரூபாயை அனுப்பவைத்தேன். அது யாருக்கு, எப்போது அனுப்பிய பெட்டியின் படமோ, இன்றுவரை எனக்குத் தெரியாது.

நான்கு நாள் கழித்து, நல்ல வெயில் நேரத்தில், தெர்மோகோல் பெட்டி வந்தது. திறந்து பார்த்தால் உலர்பனி ஒரு துண்டுகூட இல்லை. இரண்டு ஜெல் பைகள் கொழகொழவென்று கிடந்தன; தொட்டால் கைச்சூடுதான். குப்பியில் இருந்தது திரவம். கூரியர்காரர் அடுத்த இடத்துக்குப் போக வேண்டும் என்று அவசரப்படுத்த, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்டுவிட்டேன். பிரதிநிதியை அழைத்ததற்கு, "புரதம் அதையெல்லாம் தாங்கும், மேடம். முதலில் சோதித்துப் பாருங்கள்" என்றார்.

அன்றே சோதித்தேன். யூரோகைனேஸுடன் இந்தப் புரதத்தைக் கலந்து, நொதி வெட்டினால் மஞ்சளாகும் வேதிப்பொருளைச் சேர்த்து, அந்த நிறத்தை அளக்கச் சிறு குழிகள் கொண்ட சோதனைத் தட்டை 405 நானோமீட்டர் ஒளியில் வைத்தேன். தடுப்பான் வேலை செய்தால் குழிகள் நிறமின்றி இருக்க வேண்டும். பத்தே நிமிடத்தில், புரதம் சேர்த்த குழியும் சேர்க்காத குழியும் ஒரே எலுமிச்சை மஞ்சளாக நின்றன. நான்தான் தவறு செய்தேனோ என்று அஞ்சிப் பக்கத்து ஆய்வகத்தில் மனித பி.ஏ.ஐ.-1 கொஞ்சம் கடன் வாங்கிச் செய்து பார்த்தேன். அந்தக் குழிகள் தெளிவாகவே இருந்தன. பிறகு, புரதங்களை எடைவாரியாகத் தனித்தனிப் பட்டைகளாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லிலும் ஓட்டினேன். செயல்திறனுள்ள பி.ஏ.ஐ.-1 யூரோகைனேஸைப் பிடித்தால் இரண்டும் பிரியாமல் ஒட்டிக்கொண்டு, 100 கிலோடால்டனுக்குச் சற்றுக் கீழே ஒரு புதிய பட்டை தெரிய வேண்டும். அந்த இடம் வெறுமையாக இருந்தது; 43 கிலோடால்டனுக்கு அருகில் எங்கள் புரதம் யூரோகைனேஸுடன் ஒட்டாமல் தனியே, அழகாக நின்றது.

அந்த அழகான பட்டையைத்தான் அவர்கள் இப்போது பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். முதல் வாரம் "புகார் பதிவாகிவிட்டது" என்றார்கள். இரண்டாம் வாரம் தயாரிப்பாளரின் நாட்டில் விடுமுறை என்றார்கள். மூன்றாம் வாரம் எங்கள் சோதனை முறையே சரியில்லை என்றார்கள். கடன் வாங்கிச் செய்த ஒப்பீட்டின் வரைபடத்தை அனுப்பிய பிறகு பிரதிநிதி தொலைபேசியையே எடுப்பதில்லை. இன்று காலை வந்த பதில் இது: நீங்கள் அனுப்பிய ஜெல் படமே 95 விழுக்காடு தூய்மையைக் காட்டுகிறது, பொருள் விவரக்குறிப்புக்கு ஏற்பவே உள்ளது, பெட்டியைக் குறையின்றிப் பெற்றதாக உங்கள் கையெழுத்தும் உள்ளது, எனவே பணம் திரும்பாது, அடுத்த கொள்முதலில் பத்து விழுக்காடு தள்ளுபடி தருகிறோம். தூய்மையும் செயல்திறனும் வேறு வேறு என்பதும், செயலிழந்த புரதமும் ஜெல்லில் அதே இடத்தில்தான் நிற்கும் என்பதும் ஐந்து வருடம் பிப்பெட் பிடித்தவருக்குத் தெரியாதா? இன்னும் வயிறெரிவது எதற்கென்றால், எங்கள் கொள்முதல் ஆணையிலும் செயல்திறன் பற்றி ஒரு சொல் இல்லை. அவர்கள் தளத்தில் இருந்த வரியை அப்படியே எடுத்து "தூய்மை 95 விழுக்காடு" என்று எழுதிக் கொடுத்தது நான்தான்.

விரிவாக எழுதுவதாகச் சொன்னேன்; அதற்குரிய மனநிலை இப்போது இல்லை. செயல்திறன் அளவையும் அதை அளக்கும் முறையையும் ஆணையிலேயே எழுதுங்கள். அந்தத் தொகுதி எண்ணுக்குரிய சோதனைச் சான்றைப் பணம் அனுப்பும் முன்பே கேளுங்கள். உலர்பனி இல்லாத பெட்டியைத் திறந்த நிலையிலேயே படம் எடுத்து, கூரியர் சீட்டில் அதை எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள்; முடிந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். முழுப் பணத்தை முன்கூட்டியே கொடுக்காதீர்கள், அதுவும் மார்ச் மாதத்தில்.

குப்பி இன்னும் மைனஸ் 80-இல்தான் இருக்கிறது. 46,800 ரூபாய்க்கு விளக்கக் கடிதம் கேட்டுக் கணக்குப் பிரிவிலிருந்து ஆள் வந்துவிட்டுப் போயிருக்கிறார். நாளை மதியத்துக்குள் அதை எழுதிக் கொடுக்க வேண்டும்.