தாலினா, லூபெக்கா? பால்டிக் கரையில் இரண்டு இடைக்கால நகரங்கள்

பால்டிக் கடற்கரையில் இடைக்கால நகரம் ஒன்றைப் பார்க்க வேண்டும், கையில் சில நாட்கள்தான் இருக்கின்றன என்றால், போட்டி கடைசியில் இந்த இரண்டுக்கும் இடையேதான்: எஸ்டோனியாவின் தலைநகர் தாலின், வட ஜெர்மனியின் லூபெக். போலந்தின் கதான்ஸ்க் அழகான ஊர்தான். ஆனால் 1945-இல் நொறுங்கிப்போன அதன் பழைய நகரத்தின் பெரும்பகுதி, போருக்குப் பிறகு திரும்பக் கட்டியது. ஸ்வீடனின் விஸ்பி நகரமோ ஒரு தீவில் இருக்கிறது. அதற்குத் தனிப் பயணமே போட வேண்டும்.

இந்த இரண்டும் அந்நியர்கள் அல்ல. பால்டிக், வடகடல் வணிகத்தைக் கையில் வைத்திருந்த ஹான்சா என்ற வணிக நகரங்களின் கூட்டணிக்கு லூபெக்தான் தலைமை. 1248-இல் டென்மார்க் அரசர் தாலினுக்கு லூபெக்கின் நகரச் சட்டத்தைக் கொடுத்தார். அன்று ரேவால் என்று அழைக்கப்பட்ட தாலினில் ஒரு வியாபாரிக்குத் தீர்ப்பு சரியில்லை என்று பட்டால், கடல் கடந்து லூபெக் நகர மன்றத்தில்தான் மேல்முறையீடு செய்ய வேண்டும். அதனால் தாலினில் நாம் பார்க்கும் நகர மன்றக் கட்டடம், வணிகர் சங்க மண்டபம் எல்லாவற்றிலும் லூபெக்கின் சாயல் இருக்கிறது.

கோட்டைச் சுவர் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், தாலின்தான். பழைய மதிலில் கிட்டத்தட்ட 2 கிலோமீட்டர் இன்னும் நிற்கிறது, இருபது கோபுரங்களோடு. உள்ளூரில் வெட்டியெடுத்த சாம்பல் நிறச் சுண்ணாம்புக்கல். தலையில் சிவப்பு ஓட்டுக் கூம்பு. சில இடங்களில் மதிலின் மேலேறி மரத்தளத்தில் நடக்கலாம். மேல்நகரமான தூம்பெயாவின் காட்சி மேடைகளில் நின்றால் கோபுரங்கள், ஓட்டுக் கூரைகள், அவற்றுக்குப் பின்னால் கடல் என்று எல்லாம் ஒரே பார்வையில் கிடைக்கும். 1404-இல் கட்டி முடித்த நகர மன்றம் சதுக்கத்தில் அப்படியே இருக்கிறது. எதிர்மூலையில் ஒரு மருந்துக்கடை. 1422-ஆம் ஆண்டு ஆவணத்திலேயே அதைப் பற்றிய குறிப்பு உண்டு. இன்றும் அங்கே மாத்திரை வாங்கலாம்.

லூபெக்கில் கல் கிடையாது, எல்லாம் செங்கல். 1478-இல் முடிந்த ஹோல்ஸ்டன்டோர் வாயிலின் இரட்டைக் கோபுரங்கள் சதுப்பு மண்ணில் இறங்கிச் சாய்ந்திருப்பது கண்ணுக்கே தெரியும். பக்கத்திலேயே ஆற்றங்கரையில் உப்புக் கிடங்குகள். லூனபர்க்கில் எடுத்த உப்பு இந்த வழியாகப் போய் ஸ்வீடன் பக்கத்து ஹெர்ரிங் மீனைப் பதப்படுத்தியது. நகரத்தின் செல்வத்துக்கு அது பெரிய காரணம். ஆனால் லூபெக்கில் என்னைக் கட்டிப்போடுவது இந்தப் பெரிய கட்டடங்கள் அல்ல, சந்துகள்தான். தெருவோர வீட்டின் அடியில் குனிந்து நுழையும் அளவுக்கு ஒரு திறப்பு. சவப்பெட்டி போகும் அகலம் இருந்தால் போதும் என்று கட்டினார்களாம். உள்ளே போனால் ரோஜாக் கொடி ஏறிய குட்டி வீடுகள், சைக்கிள், கொடியில் காயும் துணி. ஒரு காலத்தில் கூலியாட்கள் குடியிருந்த இடம். இன்றும் மக்கள் வாழ்கிறார்கள். தாலின் பழைய நகரத்தில் இந்த அன்றாட வாழ்க்கை குறைவு, நினைவுப்பொருள் கடைகள் அதிகம்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் புரியும் விஷயம் ஒன்று உண்டு. லூபெக்கின் புனித மேரி தேவாலயத்தில் பெர்ன்ட் நோட்கே என்ற ஓவியர் 1463-இல் மரண நடனத்தை வரைந்தார்: எலும்புக்கூடுகள் போப்பாண்டவர் முதல் கைக்குழந்தை வரை ஒவ்வொருவரின் கையையும் பிடித்து இழுத்து ஆடும் நீண்ட வரிசை. அது சிதிலமாகி, 1701-இல் நகல் ஒன்று அதன் இடத்துக்கு வந்தது. 1942 மார்ச்சில் பிரிட்டிஷ் குண்டுவீச்சில் அந்த நகலும் எரிந்துபோனது. அன்றிரவு கோபுரத்திலிருந்து விழுந்த மணிகள் தரையில் புதைந்து, பிளந்து, இன்றும் விழுந்த இடத்திலேயே கிடக்கின்றன. அவற்றை எடுக்காமல் விட்டது சரியான முடிவு.

அதே நோட்கே வரைந்த இன்னொரு மரண நடனத்தின் தொடக்கப் பகுதி தாலினின் நிகுலிஸ்டே தேவாலயத்தில் பிழைத்திருக்கிறது, சுமார் ஏழரை மீட்டர் நீளம். 1944-இல் சோவியத் குண்டுவீச்சில் அந்தத் தேவாலயமும் எரிந்தது, ஓவியம் தப்பியது. இன்று அது அருங்காட்சியகம். கிட்டத்தில் போய்ப் பாருங்கள்: ஒரு எலும்புக்கூடு உட்கார்ந்து பைக்குழல் ஊதுகிறது, அடுத்தது தோளில் சவப்பெட்டியைச் சுமக்கிறது. போப், பேரரசர், பேரரசி, கார்டினல், அரசர் என்று வரிசை. அரசரோடு ஓவியத் துணி முடிந்துவிடுகிறது. வணிகர், விவசாயி, குழந்தை யாரும் மிஞ்சவில்லை. தாய் நகரம் இழந்ததைப் பிள்ளை நகரத்தில்தான் பார்க்க முடிகிறது. இதற்காக மட்டுமே தாலின் போகலாம்.

பெரியவர்களோடு போகிறவர்களுக்கு லூபெக் வசதி. பெரும்பாலும் சமதரை, பெட்ரி தேவாலயக் கோபுரத்தில் சுமார் 50 மீட்டர் உயரத்துக்கு லிஃப்டிலேயே போகலாம். தாலினில் கற்பதித்த மேடுகள் முழங்காலைச் சோதிக்கும். ஓலவிஸ்டே தேவாலயக் கோபுரத்தில் குறுகலான சுழற்படிகள் ஏறியே ஆக வேண்டும். கோடையில் தாலினுக்குச் சொகுசுக் கப்பல்கள் வரும் நாளில் நண்பகல் கூட்டம் தாங்காது. அதனால் பின்லாந்தின் ஹெல்சின்கியிலிருந்து காலையில் வந்து மாலையில் திரும்பும் திட்டத்தைவிட, ஓர் இரவு தங்கி விடியற்காலையில் நடப்பது நல்லது. சாப்பாட்டைச் சதுக்கத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள், நான்கு தெரு தள்ளிப் போங்கள். லூபெக்கில் பாதாம் இனிப்பான மார்சிபான் வாங்காமல் வராதீர்கள்.

ஒன்றே ஒன்றுதான் என்றால் என் ஓட்டு தாலினுக்கு. ஏற்கெனவே ஹாம்பர்க் வரை போகிறவர்கள் மட்டும் லூபெக்கை எடுத்துக்கொள்ளலாம், அங்கிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம்தான். இரண்டுக்கும் நேரம் இருந்தால் லூபெக்கை முதலில் வையுங்கள். ஷெங்கன் விசா ஒன்றே போதும், இரண்டு இடத்திலும் யூரோதான். லூபெக்கின் துறைமுகமான டிராவமுண்டேயிலிருந்து ஹெல்சின்கிக்கு ஒரு நாளுக்கு மேல் ஓடும் கப்பல் இருக்கிறது. அங்கிருந்து தாலின் இரண்டு மணி நேரம். விமானத்தைவிட மெதுவான வழிதான், ஆனால் ஹான்சா வியாபாரிகள் பால்டிக்கைக் கடந்ததும் இதே கரையிலிருந்துதான்.