வலைப்பூவுல விளம்பரம்: ஆட்சென்ஸ் எனக்கு எப்படி இருக்கு

வலைப்பூவுல விளம்பரம் போட்டா காசு வருமான்னு கேக்குறவங்களுக்கு, வரும், ஆனா படிக்க வர்றவங்கள விரட்டாம வர்ற காசுதான் நிக்கும், இத ரெண்டு சர்வீஸ் போட்டு பாத்துட்டுதான் சொல்றேன்.

மொதல்ல போட்டது ஒரு சின்ன விளம்பர நெட்வொர்க், பேரு வேணாம். அப்ளை பண்ணுன அன்னைக்கே அப்ரூவல், ஒரு கோட் குடுத்து ஒட்டிக்கோன்னுட்டாங்க, டாஷ்போர்டுல காசு ஏறுறத பாத்து சந்தோஷமா இருந்தேன். பத்து நாள் கழிச்சு அக்கா போன் பண்ணி, "ஏன்டா, உன் வலைப்பூவுல எங்க தொட்டாலும் வேற எதுவோ தொறக்குது, போன்ல வைரஸ் இருக்குன்னு மிரட்டுது, பயந்து மூடிட்டேன்"னாங்க. நான் எழுதுறத ஒரு வரி விடாம படிக்கிற ஆளு அவங்க. அன்னைக்கு ராத்திரியே கோட தூக்கிட்டேன், சேந்திருந்தது அவங்க பணம் அனுப்புற மினிமம் தொகைய தொடாததால கைக்கு எதுவும் வரல.

அப்புறம்தான் ஆட்சென்ஸ், அதாவது நம்ம பக்கத்துல விளம்பரம் காட்டி அதுக்கு காசு தர்ற கூகுள் சர்வீஸ். கூகுள் இத 2003ல ஆரம்பிச்சாலும் தமிழ்ப் பக்கங்களுக்கு 2018லதான் கதவு தொறந்துச்சு. சைட்ட பாத்துட்டுதான் சேத்துக்குவாங்க, அதனால சொந்தமா எழுதுன பதிவு கொஞ்சமாவது இருக்கணும், மெனு ஒழுங்கா இருக்கணும், படிக்க வர்றவங்க தகவல என்ன பண்றோம்னு சொல்ற பிரைவசி பாலிசி பக்கம் ஒண்ணு கண்டிப்பா வேணும். கணக்குல 10 டாலர் சேந்ததும் தபால்ல ஒரு லெட்டர் வரும், ஓரத்த கிழிச்சு பிரிச்சா உள்ள 6 இலக்க பின் நம்பர், அத போட்டாதான் அட்ரஸ் உறுதியாகும். பின் போடாம 4 மாசம் விட்டுட்டா விளம்பரம் நின்னுடும், அதனால அட்ரஸ ஆரம்பத்துலயே பிழை இல்லாம குடுங்க. 100 டாலர் தாண்டுன பிறகுதான் பணம் கெளம்பும், அதுவும் அடுத்த மாசம் 21ல இருந்து 26க்குள்ள.

இதுல எனக்குப் புடிச்சது கணக்கு தெளிவா இருக்குறது. விளம்பரதாரர் குடுக்குறதுல சராசரியா 68 சதவீதம் நமக்குன்னு வெளிப்படையாவே சொல்றாங்க, 2024ல இருந்து கிளிக்குக்கு பதிலா எத்தன தடவ காட்டுனாங்கங்கிற கணக்குலதான் பணம். ஆனா மாசக் கடைசியில தெரியுற தொகைய நம்பி செலவு பண்ணாதீங்க, அது எஸ்டிமேட்தான், செல்லாத கிளிக்க கழிச்சிட்டுதான் முடிவான தொகை வரும். பாசத்துல நாலு தடவ கிளிக் பண்ணி விடுறேன்னு சொல்ற நண்பர்கள தயவுசெஞ்சு தடுத்துடுங்க, நம்மளே தொட்டாலும் சரி அவங்க தொட்டாலும் சரி கூகுள் கணக்கையே மூடிடலாம்.

ஆட்டோ ஆட்ஸ்னு ஒரு வசதி இருக்கு, எங்க எத்தன விளம்பரம்னு அதுவே முடிவு பண்ணும், அளவ நாம கூட்டிக் குறைக்கலாம். நான் ஆஃப் பண்ணிட்டு தலைப்புக்கும் மொதல் பத்திக்கும் நடுவுல ஒண்ணு, முடிவுல ஒண்ணுன்னு கையால வெச்சிருக்கேன். இதுல ஒண்ணு கவனிங்க, பக்கம் தொறந்து ரெண்டு செகண்ட் கழிச்சு விளம்பரம் வந்து உக்காரும்போது படிச்சிட்டு இருந்த வரி அப்படியே கீழ குதிக்கும், மேட்டர தொடப் போன கட்டை விரல் விளம்பரத்து மேல விழும். விளம்பரம் வர்ற பெட்டிக்கு சிஎஸ்எஸ்ல (பக்கத்தோட தோற்றத்த முடிவு பண்ற கோட்) min-height, அதாவது குறைஞ்சபட்ச உயரம் குடுத்து எடத்த முன்னாடியே ஒதுக்கி வெச்சேன், குதிக்கிறது நின்னுச்சு. பிளாக்கிங் கன்ட்ரோல்ஸ்ல போயி சூதாட்டம், சீக்கிரம் பணக்காரர் ஆகலாம் மாதிரி வகையெல்லாம் மூடியும் வெச்சிருக்கேன், வருமானம் கொஞ்சம் கொறையலாம், ஆனா என்ன நம்பி வர்றவங்க கண்ணுல அது படக்கூடாது.

ரேட் விஷயத்துல பெரிய ஆசை வேணாம். ஏலத்துல யாரு அதிகம் கேக்குறாங்களோ அந்த விளம்பரம்தான் வரும், தமிழ்ப் பக்கத்துக்கு போட்டி போடுறவங்க இங்கிலீஷ் அளவுக்கு இல்ல, படிக்கிறவங்க எந்த நாட்டுல இருக்காங்க, எத பத்தி எழுதுறோம்ங்கிறதப் பொறுத்தும் மாறும். எனக்கு டொமைன், ஹோஸ்டிங் செலவு இதுலயே வந்துடுது, அது போதும்.

அக்கா மறுபடியும் படிக்கிறாங்க. அப்பாவ பத்தி எழுதுன பதிவுல மட்டும் ரெண்டு பெட்டியையும் எடுத்துட்டேன், அங்க எந்த விளம்பரமும் வராது.