சியோலுக்குக் கிளம்பும் இளையோரே, முன்பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

கத்தோலிக்க இளையோரின் பன்னாட்டுக் கூடுகையான உலக இளையோர் நாள் சியோலில் நடக்கப்போகிறது. அதற்கு ஆள் சேர்க்கும் வாட்ஸப் செய்திகள் சுற்ற ஆரம்பித்துவிட்டன. 2027 ஆகஸ்ட் 3 முதல் 8 வரை என்று தேதி அறிவித்ததுதான் தாமதம், "இடம் குறைவு, உடனே முன்பணம் கட்டுங்கள்" என்று பங்குக் கோயில் இளையோர் குழுக்களில் வந்து விழுகின்றன. அப்படி வந்த ஒரு விளம்பரத்தின் படமும் வாசகமும் எனக்கு நன்றாகத் தெரிந்தவை. 2025-இல் ரோம் யூபிலிக்கு, அதாவது திருச்சபையின் புனித ஆண்டுக் கொண்டாட்டத்துக்கு, எங்கள் பிள்ளைகளைக் கூட்டிப்போன அதே ஏற்பாட்டாளர் பயன்படுத்தியவை. ஊர்ப் பெயரையும் ஆண்டையும் மட்டும் மாற்றியிருக்கிறார்.

அவர் மேல் நாங்கள் கொடுத்த புகார் விசாரணையில் இருப்பதால் அவர் பெயரை இங்கே எழுதவில்லை. அவர் செய்த விதம் தெரிந்தால் போதும், இதே வேலையைச் செய்யும் வேறு ஆட்களையும் நீங்கள் அடையாளம் கண்டுகொள்வீர்கள்.

இளையோர் யூபிலி 2025 ஜூலை 28-லிருந்து ஆகஸ்ட் 3 வரை நடந்தது. பிள்ளைகளுடன் போன பெரியவர்களில் நானும் ஒருத்தி. ஏற்பாட்டாளர் முதல் கூட்டத்துக்கே விவிலியத்தோடு வந்தார், செபம் சொல்லித் தொடங்கினார், தன் மனமாற்றத்தைச் சாட்சியமாகச் சொன்னார். பிள்ளைகள் அவரை 'அண்ணா' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். பணத்தைப் பற்றி யார் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "விசுவாசத்தோட கிளம்புங்கக்கா, மத்ததை ஆண்டவர் பார்த்துப்பார்." ரசீது கேட்ட ஒரு தகப்பனிடம், "கோயில் காரியத்துல சந்தேகப்படலாமா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். அந்த மனிதர் அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. ஒருவருடைய பக்தியைப் பிடித்தே அவர் வாயை அடைப்பது பணத்தை எடுப்பதை விடப் பெரிய பாவம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

வற்புறுத்திக் கேட்ட பிறகு ஒரு கணக்கு வந்தது. யூபிலி ஆண்டில் மட்டும் திறக்கும் புனிதக் கதவு நுழைவு, ஆளுக்கு 30 யூரோ. புனித பேதுரு பேராலய நுழைவு, 25 யூரோ. திருத்தந்தை (போப்) நிகழ்ச்சிச் சீட்டு, 60 யூரோ. யூபிலி திருப்பயணி அட்டை, 40 யூரோ. இந்த நான்குமே இலவசம். புனிதக் கதவைக் கடக்க யாரும் காசு வாங்குவதில்லை. யூபிலியின் அதிகாரபூர்வ இணையதளத்தில் பதிந்தவர்களுக்குத் திருப்பயணி அட்டை கட்டணமில்லாமல் கைபேசிக்கே வந்தது. பேராலயத்துக்குள் போகக் கட்டணம் கிடையாது. குவிமாடத்தில் ஏறுவது, சிஸ்டைன் சிற்றாலயம் இருக்கும் வத்திக்கான் அருங்காட்சியகத்தைப் பார்ப்பது போன்றவற்றுக்குத்தான் பணம் கட்ட வேண்டும். திருத்தந்தையின் திருப்பலிக்கும் பொது மறைக்கல்வி உரைக்கும் தேவைப்படும் சீட்டுகளைத் திருத்தந்தையின் இல்ல நிர்வாக அலுவலகம் இலவசமாகவே தருகிறது. அதற்கு யார் பணம் கேட்டாலும் அது ஏமாற்று. ரோமுக்கு எந்த ஆண்டு போனாலும் இதை மட்டுமாவது நினைவில் வையுங்கள்.

விசாவுக்கு 'உத்தரவாதக் கட்டணம்' என்று தனியாக வாங்கினார். விசா கொடுப்பதும் மறுப்பதும் தூதரகத்தின் முடிவு. அதற்கு உத்தரவாதம் தர எந்த ஏஜெண்டாலும் முடியாது. இத்தாலி உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பெரியவர்களுக்கான கட்டணம் 90 யூரோ, மறுத்தால் அது திரும்பி வராது. லாப நோக்கமற்ற அமைப்புகள் நடத்தும் கருத்தரங்கு, கலாச்சார, கல்வி நிகழ்ச்சிகளுக்கு அப்படிப்பட்ட அமைப்புகளின் பிரதிநிதிகளாகப் போகும் 25 வயது வரையிலானவர்களுக்கு விசாக் கட்டண விலக்கு அந்த விதிகளிலேயே இருக்கிறது. உங்கள் குழுவுக்கு அது பொருந்துமா என்று தூதரகத்தையே கேட்டுவிடுங்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். அவரோ எங்கள் விண்ணப்பங்களைக் கடைசி வாரங்கள் வரை இழுத்தடித்துக் கொடுத்தார். சிலருக்கு மறுப்பு வந்தது. பயண நோக்கத்துக்கும் தங்கும் ஏற்பாட்டுக்கும் போதிய ஆதாரம் இல்லை என்ற கட்டத்தில் குறி போட்டிருந்தார்கள். விண்ணப்பத்தோடு வைத்த ஹோட்டல் முன்பதிவை அவர் அதற்குள் ரத்து செய்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

பங்குத்தந்தையின் கடித விஷயம் இதைவிட மோசம். விசாவுக்காக, எங்கள் குழுவினரின் பெயர்ப் பட்டியலோடு அவரிடமிருந்து ஒரு பரிந்துரைக் கடிதம் வேண்டும் என்று ஏற்பாட்டாளர் கேட்டார். "பாஸ்போர்ட்ல இருக்கிற மாதிரி எழுத்துப்பிழை திருத்தணும், வேர்ட் ஃபைலாவே அனுப்பச் சொல்லுங்க" என்றார். அனுப்பப்பட்டது. விமான நிலையத்தில் எங்கள் வரிசையில் யாரென்றே தெரியாத சிலர் வந்து நின்றார்கள். "வேற பங்குப் பிள்ளைங்க" என்றார் ஏற்பாட்டாளரின் ஆள். எந்தப் பங்கு என்று ஒரு பெண் கேட்டதற்கு அவர்களில் ஒருவராலும் பதில் சொல்ல முடியவில்லை. ரோமின் ஃபியுமிச்சினோ விமான நிலையத்தில் பெட்டி எடுக்கிற இடம் வரை எங்களோடு இருந்தார்கள். அதன் பிறகு அவர்களைக் காணோம்.

ஊர் திரும்பிய பின் கடிதத்தின் நகலை வாங்கிப் பார்த்தோம். எங்கள் பிள்ளைகளின் பெயர்களுக்குக் கீழே அவர்களுடைய பெயர்களும் இருந்தன, அதே எழுத்துருவில், அடியில் அதே கையெழுத்து. ஃபாதர் நாற்காலியில் உட்கார்ந்து அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கடிதத்தில் வந்தவர்கள் இப்படிக் காணாமல் போய்விட்டதால், இனி எங்கள் பங்கிலிருந்து நேர்மையாக விண்ணப்பிக்கும் ஒவ்வொரு பிள்ளையையும் தூதரகம் சந்தேகக் கண்ணோடுதான் பார்க்கும். இது எங்களுக்கு மட்டும் நடந்ததும் அல்ல. 2023-இல் லிஸ்பன் உலக இளையோர் நாளுக்கு அங்கோலாவிலிருந்தும் கேப் வெர்டேயிலிருந்தும் வந்தவர்களில் பலர் தங்களுக்கு ஒதுக்கிய இடத்துக்கு வராமலே போனதாகச் செய்திகள் வந்தன. அப்படிப் போகிறவர்களும் பெரும்பாலும் கடன் வாங்கி ஏஜெண்டிடம் கொட்டிக் கொடுத்தவர்களாகத்தான் இருப்பார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை.

யூபிலிக்குப் பதிந்த திருப்பயணிகளைப் பள்ளிகளிலும் பங்கு அரங்குகளிலும் ரோம் கண்காட்சி வளாகத்திலும் தங்க வைத்தார்கள். தரையில் தூங்குபை விரித்துப் படுக்க எங்கள் பிள்ளைகள் ஆசையோடுதான் போயிருந்தார்கள். நாங்கள் போய் நின்ற பள்ளியில் ஒரு தன்னார்வப் பெண் எங்கள் பெயர்களை டேப்லட்டில் ஒவ்வொன்றாகத் தேடினாள். பிறகு பாஸ்போர்ட் எண்ணை வைத்துத் தேடினாள். சிலருக்கு ஆகஸ்ட் 2 இரவு விழிப்புக்கு (இரவுச் செப வழிபாட்டுக்கு) மட்டும் பதிவு இருந்தது. மற்றவர்களுக்கு எதுவுமே இல்லை. அந்தப் பெண் எங்களைவிட அதிகமாகக் கலங்கிப்போய், தண்ணீர் பாட்டில்களைக் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

பாஸ்போர்ட்டுகள் எங்களிடம் இல்லை. குடியேற்றச் சோதனை முடிந்ததுமே, "ரோம்ல பிக்பாக்கெட் அதிகம், நானே வெச்சுக்கிறேன்" என்று ஏற்பாட்டாளரின் ஆள் எல்லாவற்றையும் ஒரு தோள்பையில் வாங்கிப் போட்டுக்கொண்டார். பள்ளி வாசலில் எண்களைப் பார்க்கவும் அவர் கையிலிருந்துதான் ஒவ்வொன்றாக வாங்கிக் காட்டினோம், காட்டியதும் திருப்பி வாங்கிக்கொண்டார். வேறு இடம் பிடிக்கவும் பேருந்துக்கும் ஆளுக்கு இன்னும் 50 யூரோ வேண்டும் என்றார், பையை மார்போடு அணைத்தபடி. ஒரு பையன், "அண்ணா, என் பாஸ்போர்ட்டையாவது குடுங்க" என்று கெஞ்சியது இன்னும் காதில் இருக்கிறது. எங்களில் ஒருவருக்குத் தெரிந்த தமிழ்ச் சிஸ்டர் ஒருவர் ரோமில் இருந்தார். தொலைபேசியில் விவரம் கேட்டதும் டாக்சி பிடித்து வந்துவிட்டார். அந்த ஆளிடம் தமிழில் இரண்டே வாக்கியம்: "பையைத் திறங்க. இல்லேன்னா நான் 112-க்குப் போன் பண்றேன்." இத்தாலியில் 112 அவசர உதவி எண். பை திறந்தது. அன்றிரவு சிஸ்டருடைய மடத்துக் கூடத்தில் படுத்தோம்.

மறுநாளிலிருந்து அந்த ஆள் தொலைபேசியை எடுக்கவில்லை. விழிப்புக்கான இடத்தைச் சிஸ்டரும் தன்னார்வலர்களும் பேசி வாங்கித் தந்தார்கள். ரோமின் தோர் வெர்காத்தா திடலில் திருத்தந்தை பதினான்காம் லியோவோடு பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் நற்கருணை முன் மௌனமாக மண்டியிட்டிருந்த அந்த இரவை எந்த ஏமாற்றுக்காரனாலும் எங்களிடமிருந்து எடுத்துக்கொள்ள முடியாது. இளையோரை இப்படிப்பட்ட கூடுகைகளுக்கு அனுப்பாதீர்கள் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. அனுப்புங்கள், அவர்கள் பார்க்கட்டும்.

ஆனால் காப்பீட்டை யாராவது நேரில் சரிபாருங்கள். வெயிலில் எங்கள் பெண் ஒருத்தி மயங்கி விழுந்தாள். முதலுதவிக் கூடாரத்தில் அன்பாகப் பார்த்துக்கொண்டார்கள், தேறிவிட்டாள். அப்போது காப்பீட்டு நிறுவனத்தை அழைத்தோம். விசா கிடைத்ததுமே பாலிசி ரத்து செய்யப்பட்டு, பணம் ஏற்பாட்டாளருக்குத் திரும்பிப் போயிருந்தது. ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம் என்பது சும்மா எழுதி வைத்த விதி அல்ல. அதே யூபிலிக்கு வந்த இரண்டு இளம்பெண்கள் அந்த நாள்களில் இறந்துபோனார்கள். அவர்களுக்காகச் செபிக்கும்படி திருத்தந்தையே விழிப்பில் கேட்டுக்கொண்டார்.

சியோலுக்குப் போகிறவர்கள் முதலில் உங்கள் மறைமாவட்ட இளையோர் பணிக்குழுவிடம் பேசுங்கள். உலக இளையோர் நாளுக்கான பதிவு, நடத்தும் நாட்டின் ஏற்பாட்டுக் குழுவின் இணையதளம் வழியாகத்தான் நடக்கும். தங்குமிடம், உணவு, உள்ளூர்ப் போக்குவரத்துக்கான தொகுப்புக் கட்டணமும் அங்கேதான் இருக்கும். ஏஜெண்ட் சொல்லும் தொகையை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பதிவு உறுதியான மின்னஞ்சல் உங்கள் குழுத்தலைவரின் முகவரிக்கே வர வேண்டும், 'நான் ஃபார்வர்டு பண்றேன்' என்ற பேச்சே கூடாது. விமான டிக்கெட்டுக்கு ஆறெழுத்து பிஎன்ஆர் (முன்பதிவுக் குறியீடு) மட்டும் போதாது, பணம் கட்டாமலும் அதைக் காட்ட முடியும். 13 இலக்க இ-டிக்கெட் எண்ணைக் கேட்டு வாங்கி, விமான நிறுவனத்தின் தளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். காப்பீட்டை விசா வந்த பிறகும், கிளம்புவதற்கு முந்தின நாளும் நிறுவனத்தை அழைத்து உறுதி செய்யுங்கள். பங்குத்தந்தையர் தயவுசெய்து கடிதத்தைக் கையெழுத்திட்ட தாளாக மட்டும் கொடுங்கள்: பெயர்களுக்கு வரிசை எண் போட்டு, கடைசிப் பெயருக்குக் கீழே கோடிழுத்து, மொத்தம் எத்தனை பேர் என்று எழுத்தால் எழுதி. பாஸ்போர்ட் அவரவர் கழுத்துப்பையில்தான் இருக்க வேண்டும், குழுத்தலைவரிடம்கூடக் கொடுக்க வேண்டாம்.

"வெளியே சொன்னா திருச்சபைக்குத்தானே அவப்பெயர்" என்று எங்கள் பங்கிலேயே சில பெரியவர்கள் தடுத்தார்கள். அவர்கள் நல்லெண்ணத்தில் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. நாங்கள் பேசாமல் இருந்தால் அந்த ஏற்பாட்டாளர் அடுத்த பங்கின் கூட்டத்தில் செபம் சொல்லித் தொடங்குவார், அவ்வளவுதான் நடக்கும்.

புனிதக் கதவுக்கோ திருத்தந்தை நிகழ்ச்சிக்கோ பணம் வாங்கிய ரசீதோ, கணக்குச் செய்தியோ உங்களிடமும் இருந்தால் அழிக்காமல் வைத்திருங்கள். ஒரு நகலை உங்கள் மறைமாவட்டப் பணிக்குழுவிடம் எழுத்துப்பூர்வமான புகாரோடு கொடுங்கள். காவல்துறையிலும் தனியாகப் பதிவு செய்யுங்கள். எங்கள் புகார் ஒரே ஒரு பங்கிலிருந்து போனதாக நிற்கிறது, இன்னும் நாலு பங்குகள் சேர்ந்தால் விசாரணையின் வேகமே வேறாக இருக்கும்.