நல்ல ஆம்ப், கெட்ட குமிழ்

என் டிரான்சிஸ்டர் ஹெட்ஃபோன் ஆம்ப் (ஹெட்ஃபோனுக்கான ஒலிபெருக்கிப் பெட்டி) சர்வீஸுக்குப் போய்த் திரும்பி வந்துவிட்டது. வால்யூம் கன்ட்ரோலை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். பழையதில் ஒலி இடது பக்கம் சாய்ந்தது, புதியதில் வலது பக்கம் சாய்கிறது. கூடவே ஒரு சீட்டு: 'அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்தான் இருக்கிறது.' சரியாக இந்த நேரம் பார்த்து ஒரு நண்பர், "டிரான்சிஸ்டர், வால்வு ரெண்டு ஆம்பையும் வெச்சிருக்கீங்களே, எதை வாங்கலாம்?" என்று கேட்கிறார். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

பெயர்கள் வேண்டாம். ஒன்று கிளாஸ் ஏ டிரான்சிஸ்டர் ஆம்ப். இன்னொன்று வெளியீட்டில் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஓடிஎல் வகை வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப், 6ஏஎஸ்7ஜி வால்வு போட்டது. கேட்பது பெரும்பாலும் சென்ஹைசர் ஹெச்டி 600 என்ற 300 ஓம் ஹெட்ஃபோனில். பகலில் 32 ஓம் பிளேனர் (தட்டையான சவ்வு வைத்த ஹெட்ஃபோன்) ஒன்று.

டிரான்சிஸ்டரைப் பற்றிக் குறை சொல்லத் தொடங்கினால் முதலில் வாய் அடைத்துப் போகும். பாட்டு ஓடாதபோது குமிழை முழுக்கத் திருப்பினாலும் இரைச்சல் இல்லை. தம்புரா மட்டும் ஒலிக்கும் இடங்களில் ஒவ்வொரு மீட்டலும் எங்கே தொடங்கி எங்கே கரைகிறது என்று தெரிகிறது. பிளேனரை மாட்டினால் தாழ்ஸ்வரங்கள் இறுக்கமாக, தேவையான இடத்தில் நின்றுவிடுகின்றன. இந்த வேலை வால்வு ஆம்புக்கு ஆகாது. அதன் வெளியீட்டு மின்மறுப்பு (மின்னோட்டத்துக்குக் காட்டும் தடை) 100 ஓம் அளவில் இருக்கிறது. 32 ஓம் ஹெட்ஃபோனை மாட்டினால் வோல்டேஜில் முக்கால் பங்கு ஆம்புக்குள்ளேயே செலவாகிவிடும். மீதியில் பிளேனர் முனகத்தான் செய்யும்.

இவ்வளவு நல்ல ஆம்பில், கை படும் ஒரே பாகம் சரியில்லை.

கணக்கைப் பாருங்கள். டேக் (டிஜிட்டல் பாட்டை மின்சமிக்ஞையாக மாற்றும் பெட்டி) தருவது வழக்கமான 2 வோல்ட். ஆம்பின் 'குறைந்த' கெய்னே (பெருக்கும் அளவே) நான்கு மடங்கு, ஆக 8 வோல்ட். ஹெச்டி 600க்கு 1 வோல்ட் கொடுத்தால் 97 டெசிபெல் வரும், 8 வோல்ட் என்றால் 115. இரவில் வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு எனக்கு உச்சத்தில் 75 போதும். மிச்சமுள்ள 40 டெசிபெல்லை அந்தக் குமிழ்தான் விழுங்க வேண்டும். அதாவது சுற்றின் தொடக்கத்திலேயே, விரல் அகலத்துக்குள்ளேயே என் இரவு முழுவதும் முடிந்துவிடுகிறது. குமிழுக்குள் இருக்கும் இரட்டைக் கார்பன் தடங்களில் இடதும் வலதும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத இடமும் அதுதான். தடத்தின் கடைசி ஓரத்தில் இரண்டையும் ஒரே அளவாகத் தயாரிப்பது கடினம். 2 டெசிபெல் வித்தியாசம் போதும், நடுவில் நின்று பாட வேண்டியவர் ஒரு காதுப் பக்கம் போய் உட்கார்ந்துகொள்வார். சத்தத்தைக் கூட்டினால் நடுவுக்கு வருவார், குறைத்தால் மறுபடி நகர்வார். ஒருமுறை கவனித்துவிட்டால் அப்புறம் பாட்டைக் கேட்பதே இல்லை, ஆள் எங்கே நிற்கிறார் என்றுதான் பார்த்துக்கொண்டிருப்போம்.

வழி இல்லாமல் இல்லை. டேக்கிலேயே 20 டெசிபெல் குறைத்துவிட்டால் குமிழ் நடுப்பகுதிக்கு வரும், சாய்வு போய்விடும். 24 பிட்டில் ஒரு பிட்டுக்கு 6 டெசிபெல், போவது மூன்று நான்கு பிட்தான் என்பதால் அதில் தரம் கெடுகிறது என்று சொல்லமாட்டேன், என் காதுக்குத் தெரியவும் இல்லை. ஆனால் தலைவலிக்குத் தலையணையை மாற்றிய கதை இது. இத்தனை பெரிய குமிழை அலுமினியத்தில் கடைந்து வைத்துவிட்டு, சத்தத்தை வேறு பெட்டியில் குறைத்துக்கொள் என்றால் என்ன நியாயம்? கெய்ன் அதிகம் தேவைப்படுபவர்கள் இருக்கிறார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஹைஃபைமேன் ஹெச்ஈ-6 மாதிரி ஒரு மில்லிவாட்டுக்கு 83.5 டெசிபெல் மட்டுமே தரும் பிளேனர்களுக்கு வேண்டும். அவர்களுக்கு உயர் கெய்ன் சுவிட்ச் இருக்கிறதே! குறைந்த கெய்னை ஒரு மடங்கில் வைத்தால் யாருக்கு நஷ்டம்?

இனி வால்வு. சூடு: 6ஏஎஸ்7ஜி ஒன்றின் இழைக்கு மட்டும் 6.3 வோல்ட்டில் 2.5 ஆம்பியர், ஏறக்குறைய 16 வாட். மின்வழங்கிகளில் வோல்டேஜை நிலைப்படுத்த வந்த வால்வு அது, சிக்கனம் அதன் சுபாவத்தில் கிடையாது. பாட்டு நின்றால் மெல்லிய ஹம் கேட்கும். மேசையைத் தட்டினால் காதில் மணி அடிக்கும். 'வால்வின் இதமான ஒலி' என்பதில் ஒரு பகுதி வெறும் கணக்கு. ஹெச்டி 600இன் மின்மறுப்பு 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் 300 ஓமைத் தாண்டி வெகுவாக ஏறுகிறது, 100 ஓம் வெளியீட்டோடு சேரும்போது அந்த இடம் சுமார் ஒரு டெசிபெல் உயர்கிறது. மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் அதன் வால்யூம் ரிலேக்களும் (மின்சாரத்தால் இயங்கும் சின்ன சுவிட்சுகள்) ரெசிஸ்டர்களும் கொண்ட படி முறை. திருப்பினால் உள்ளே டிக் டிக் என்று சத்தம். சில நேரம் எனக்கு வேண்டிய அளவு இரண்டு படிகளுக்கு நடுவில் மாட்டிக்கொள்ளும். இருந்தாலும் 1 சதவீதத் துல்லியமுள்ள ரெசிஸ்டர்களில் இரு பக்க வித்தியாசம் பொதுவாகக் கால் டெசிபெல்லைக்கூடத் தொடாது. எவ்வளவு மெதுவாக வைத்தாலும் பாடுபவர் நின்ற இடத்தில் நிற்கிறார். ஹம்மோடு நிற்கிறார், பரவாயில்லை.

ஆக நண்பருக்கு: உங்களிடம் இருப்பது 300 ஓம் ஹெட்ஃபோன், கேட்பது இரவில். வால்வை வாங்குங்கள். மேலே எழுதியதைக் கூட்டிக் கழித்தால் டிரான்சிஸ்டர்தான் ஜெயிக்கிறது, தெரியும். இருந்தும் வால்வு. நாளைக்கு பிளேனர் வாங்கி டிரான்சிஸ்டர் பக்கம் போனால், எத்தனை வாட் என்று கேட்காதீர்கள். குறைந்த கெய்ன் எவ்வளவு, வால்யூம் கார்பன் தடமா ரிலேயா என்று கேளுங்கள்.

"அப்போ உங்க டிரான்சிஸ்டரை எனக்குத் தள்ளிவிடுங்க" என்று அடுத்த செய்தி வரும். தரமாட்டேன். பகலில் என் பிளேனரை எதில் கேட்பது?