பூக்காத செடியை விற்கும் நர்சரி

நர்சரிக்கு வாங்கிய அன்றைக்கே ரிவியூ எழுதுவதில் அர்த்தமே இல்லை, அன்றைக்கு எல்லாச் செடியும் அழகாகத்தான் இருக்கும். சென்னையில் ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) மேல் நீலாங்கரை தாண்டியதும் ஆங்காங்கே வருகிற நர்சரிகளில், பெயர்ப்பலகைகூட இல்லாத ஒன்றில் போன வருடம் தை மாதம் வாங்கிய செடிகள் மடிப்பாக்கத்தில் எங்கள் மொட்டை மாடியில் ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் பார்த்துவிட்டன. இப்போது சொல்லலாம்.

குண்டுமல்லி கேட்டு, பூவோடு இருந்த தொட்டியைக் காட்டினேன். "அத விடுங்கக்கா, இதக் கொண்டுபோங்க" என்று நாலு இலை மட்டும் இருந்த ஒரு குச்சியைக் கவரோடு நீட்டினார் கடைக்காரர். 40 ரூபாய். மாசி முழுக்க அது அப்படியே நின்றது, உயிர் இருக்கிறதா என்று நகத்தால் கீறிப் பார்த்தால் உள்ளே பச்சை தெரியும், அவ்வளவுதான். பங்குனியில் கணுவில் எள் அளவுக்கு ஒரு துளிர். சித்திரையில் நாலைந்து மொட்டு, சாமி படத்துக்குக்கூடப் பத்தாது. அப்புறம் ஆடியில் மொட்டெல்லாம் ஓட்டை, மொட்டுப்புழு. கடைக்குப் போன் செய்தால் லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் அடிக்கச் சொன்னார், பொறுமையாகவே சொன்னார். மல்லி புதுக் கிளையில்தான் பூக்கும், அதனால் மார்கழியில் மனசைக் கல்லாக்கிக்கொண்டு வெட்டிவிடுங்கள் என்றதும் அவர்தான். வெட்டினேன். இந்தப் பங்குனியில் ஒரு நாள் பறிப்பில் அரை முழம் கட்ட முடிகிறது.

டெல்லி கனகாம்பரமும் நன்றாக வந்திருக்கிறது. அது விதை பிடிக்காது, குச்சி வெட்டி வைத்துத்தான் பெருக்க வேண்டும் என்பதைக் கேட்காமலேயே சொல்லி அனுப்பினார்.

ரோஜா மட்டும் அங்கே வேண்டாம். ஆந்திராவில் கடியத்திலிருந்து லாரியில் வருகிற சரக்கு, வேரைச் சுற்றிக் களிமண் அப்பியிருக்கும், சென்னை வெயிலில் அது செங்கல் மாதிரி இறுகித் தண்ணீரை உள்ளேயே விடாது. கொஞ்ச நேரம் தண்ணீரில் ஊறவைத்து அந்த மண்ணைக் கரைத்துவிட்டு நட வேண்டும், ஒட்டுக் கட்டிய இடத்துக்குக் கீழே வருகிற துளிரை அவ்வப்போது கிள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் காட்டு ரோஜாதான் வளரும். மல்லிக்கு அவ்வளவு பேசுகிறவர் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை, ஏன் என்று தெரியவில்லை. எனக்கு ஒன்று பிழைத்தது, ஒன்று போய்விட்டது. கலவை மண் மூட்டையையும் தவிர்க்கலாம், பெரும்பகுதி தென்னை நார்க்கழிவு, ரெண்டு மழைக்குத் தொட்டியில் பாதிக்கு இறங்கிவிடுகிறது. செம்மண்ணும் தொழு உரமும் தனித்தனியாக வேறு எங்காவது வாங்கிக் கலந்துகொள்ளுங்கள்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன், மல்லிக்கு மட்டும் என்றால் ஐந்து. ஜிபே இருக்கிறது. ஞாயிறு மாலை போனால் கார்க்காரர்கள் கூட்டத்தில் அவருக்குப் பேச நேரம் இருக்காது, வாரநாள் காலையில் போய்ப் பூக்காத குச்சியாகப் பார்த்துக் கேளுங்கள். பூத்த தொட்டி 150 ரூபாய் போட்டிருந்தது, அதை விற்காமல் 40 ரூபாய்க் குச்சியைத் தள்ளுகிற வியாபாரம் எப்படி ஓடுகிறதோ.